நியூரம்பர்க் நாட்கள் – 9: கேஸ் கட்டு தயாரித்த தம்பதிகள்

சாட்சிக் கூண்டில் ஏறிய நாஜித் தலைவர் கோரிங், குறுக்கு விசாரணையில் அமெரிக்கத் தலைமை அரசு வக்கீல் ஜாக்சனையே திணறடித்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். ஆனால் விசாரணை நடந்த அந்த 600ஆம் எண் அறையோடு நின்றுவிட்டால் நியூரம்பர்க்கின் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும். மீதிப் பாதி நீதி மாளிகையின் மற்ற அறைகளிலும் தாழ்வாரங்களிலும் நடந்தது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய ஜெர்மன் கோப்புகள், ஓயாத தட்டச்சுச் சத்தம், மொழிபெயர்ப்பாளர்களின் வரிசை ஆகியவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்கள் அரசாங்க வக்கீல்கள். அவர்களில் மூன்று ஜோடிகள் கணவனும் மனைவியும்: ஹாரியட் ஸெட்டர்பர்க் – டேனியல் மார்கோலிஸ், பெல் மேயர் – வில்லியம் ஜெக், டோரதியா – இமானுவேல் மின்ஸ்காஃப். இந்த இதழில் அவர்களைப் பார்க்கலாம்.

கணவன், மனைவி இருவருமே அரசாங்கச் சம்பளம் வாங்குவது அன்றைய அமெரிக்காவில் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த 1932இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 213ஆவது பிரிவின்படி, ஆட்குறைப்பு வரும்போது கணவனும் மனைவியும் மத்திய அரசு வேலையில் இருந்தால், அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யார் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சம்பளத்தில் குறைந்த சம்பளத்தை விட்டுவிடுவதுதானே குடும்பத்துக்கு லாபம்? குறைந்த சம்பளம் பெரும்பாலும் மனைவியுடையது. வேலை இழந்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை போய்விடுமே என்று திருமணத்தை மறைத்தவர்களும் உண்டு. 1937இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சட்டம் போனாலும், மணமான பெண்ணுக்கு எதற்கு அரசு வேலை என்ற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. ஹார்வர்ட் சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1950இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தின் மனநிலை புரியும்.

போர் வந்ததும் நிலைமை மாறியது. வாஷிங்டனில் ஒவ்வொரு துறையும் வக்கீல்களைத் தேடியது. எதிரி நாட்டின் சொத்துகளை முடக்குவது, நடுநிலை நாடுகள் வழியாக நடக்கும் ரகசிய வியாபாரத்தைத் தடுப்பது, போலி முகவரிக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருப்பது யார் என்று கண்டுபிடிப்பது எல்லாமே சட்டம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. நிதித்துறையின் வக்கீல்கள் இதில் பழுத்துப்போனார்கள். ஃபோர்டாம் சட்டக் கல்லூரியில் படித்த பெல் மேயர் என்ற இளம் பெண் அப்படித்தான் நிதித்துறைக்கு வந்தார். ஜெர்மனியின் மாபெரும் ரசாயன நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பனின் கிளைகளும் வேர்களும் எங்கெல்லாம் ஓடுகின்றன என்பது அவருக்குப் பாடமாகிப் போனது.

அதே நிதித்துறையில் ஜொசையா டுபாய்ஸ் என்று ஒரு வக்கீல் இருந்தார். ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்படுவது பற்றிய செய்திகளை அமெரிக்க வெளியுறவுத் துறையே அமுக்கி வைக்கிறது, மீட்பு முயற்சிகளுக்குக் குறுக்கே நிற்கிறது என்று 1944 ஜனவரியில் தன் அமைச்சர் மார்கந்தாவுக்கு ஓர் அறிக்கை எழுதியவர் அவர். சொந்த அரசாங்கமே இந்தக் கொலைக்கு உடந்தை என்று தலைப்பிலேயே எழுதினார். சில நாட்களில் அது அதிபர் ரூஸ்வெல்ட்டின் மேசைக்குப் போயிற்று. அந்த மாதமே போர் அகதிகள் வாரியம் பிறந்தது. ஓர் அரசு ஊழியர் தன் அரசாங்கத்துக்கே குற்றப்பத்திரிகை எழுதிய துணிச்சலை எத்தனை முறை சொன்னாலும் தகும். இந்த டுபாய்ஸைத்தான் பின்னால் ஃபார்பன் வழக்கின் தலைமையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஹாரியட். அவரும் கணவர் டேனியல் மார்கோலிஸும் ராபர்ட் ஜாக்சனின் அரசுத் தரப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். தொழிலில் ஹாரியட் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார். அவரிடம் வந்த பொறுப்பு சாதாரணமானதல்ல. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் கவர்னர் ஜெனரலாகக் கிராகோவின் வாவெல் கோட்டையில் உட்கார்ந்து ஆண்ட ஹான்ஸ் ஃபிராங்க் மீதான வழக்குரையைத் தயாரிக்க வேண்டும்.

ஃபிராங்கும் வக்கீல்தான். ஆட்சிக்கு வருவதற்கு முன் ஹிட்லருக்காகவும் நாஜிக் கட்சிக்காகவும் நீதிமன்றங்களில் வாதாடியவர். 1945 மே மாதம் அமெரிக்கர்கள் அவரைப் பிடித்தபோது, தன் அலுவல் நாட்குறிப்புகளைத் தானே ஒப்படைத்தார். கூட்டக் குறிப்புகள், உரைகள், பயணங்கள், வந்து போனவர்கள் என எல்லாம் சுருக்கெழுத்தாளர்களைக் கொண்டு பதிவுசெய்யப்பட்டவை. இன்று நமக்குக் கிடைப்பவை 38 தொகுதிகள், பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல். வழக்கில் அதற்கு 2233-பிஎஸ் என்று எண். அந்தப் பக்கங்களை ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். விருந்து, வரவேற்பு, சதுரங்கம், இசை நிகழ்ச்சி என்று ஓடும் பதிவுகளுக்கு நடுவே, 1941 டிசம்பர் 16ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டத்தில் யூதர்களை ஒழித்தே தீர வேண்டும் என்று ஃபிராங்க் பேசியது வரும். 1940 பிப்ரவரியில் ஒரு நாஜிப் பத்திரிகையாளரிடம் அவர் பேசியதும் வரும். பிராகாவில் ஏழு செக்கர்களைச் சுட்டதற்குச் சிவப்புச் சுவரொட்டி ஒட்டினார்கள் என்று பேச்சு வந்தபோது, போலந்தில் சுடப்படும் ஒவ்வோர் ஏழு பேருக்கும் ஒரு சுவரொட்டி அடிப்பதென்றால் போலந்தின் காடுகள் முழுவதையும் வெட்டினாலும் காகிதம் போதாது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரிகளைத் தேடிப் பிடித்து, தேதியைச் சரிபார்த்து, மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, எந்தக் குற்றச்சாட்டுக்கு எந்தப் பக்கம் என்று அடுக்கித் தருவதுதான் வழக்கைத் தயாரிப்பது.

1946 ஜனவரி 10ஆம் தேதி ஃபிராங்க் மீதான வழக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. எழுந்து பேசியவர் வில்லியம் பால்ட்வின் என்ற ராணுவ அதிகாரி. ஹாரியட் பேசவில்லை. பால்ட்வின் நேர்மையானவர், வழக்குரையைத் தயாரித்ததில் மிஸ் ஹாரியட் ஸெட்டர்பர்க்கின் உதவி பெரிது என்று தொடக்கத்திலேயே நீதிபதிகளிடம் சொன்னார். அதனால்தான் அந்தப் பெயர் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. அந்தச் சர்வதேச ராணுவ நீதிமன்றத்தில், முதல் நாளிலிருந்து தீர்ப்பு நாள் வரை, அரசுத் தரப்பு வக்கீலாக எழுந்து நின்று பேசிய பெண் ஒருவர்கூட இல்லை. எழுத ஆள் பெண், படிக்க ஆள் ஆண் என்ற ஏற்பாடு அநியாயம். அன்றைய வழக்கம் அது என்று சொல்லி அதைக் கடந்துபோக முடியாது. வழக்கத்தை மீறி ஒரு புதிய சட்டத்தையே எழுதிக்கொண்டிருந்தவர்களின் நீதிமன்றம் அல்லவா அது?

அந்தச் சட்டத்தை எழுதியதிலும் பெண் கை உண்டு. யேல் சட்டக் கல்லூரியில் படித்து வெளியுறவுத் துறையில் சட்ட ஆலோசகரின் அலுவலகத்தில் இருந்த கேதரின் ஃபைட், 1945 கோடையில் லண்டனுக்குப் போய் ஜாக்சனுக்கு உதவினார். நான்கு வல்லரசுகளும் ஆகஸ்ட் 8ஆம் தேதி கையெழுத்திட்ட சாசனம் அங்கேதான் உருவானது. பெற்றோருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ட்ரூமன் நூலகத்தில் இருக்கின்றன.

ஃபிராங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1946 அக்டோபர் 16ஆம் தேதி அதிகாலையில் நிறைவேற்றப்பட்டது. பெரிய வழக்கு முடிந்தது. ஜாக்சன் ஊர் திரும்பிவிட, டெல்ஃபோர்ட் டெய்லர் பொறுப்பேற்றார். டாக்டர்கள், நீதிபதிகள், தொழிலதிபர்கள், தளபதிகள், அமைச்சக அதிகாரிகள் என்று பிரித்து 12 வழக்குகள். 1949 ஏப்ரல் வரை நடந்தன. இவற்றை நடத்தியது அமெரிக்கா மட்டும். கூட்டாளி நாடுகள் கிடையாது, ஜாக்சனைப் போன்ற நட்சத்திரப் பெயர்கள் கிடையாது, பத்திரிகைக்காரர்களும் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். டெய்லருக்கு வக்கீல்கள் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது.

திறந்த விதத்தையும் பார்க்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட இதழின் ஆசிரியராக இருந்து, நீதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த செசிலியா கோட்ஸ் நியூரம்பர்க் போக விண்ணப்பித்தார். அவரை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ‘தகுதிக்குறை விலக்கு’ ஒன்றில் டெய்லர் கையெழுத்திட வேண்டும் என்றது போர்த் துறை. உடல் ஊனமுற்றவர்களுக்கு எழுதும் அதே வகைச் சான்று. கோட்ஸின் குறை என்ன? பெண்ணாகப் பிறந்தது! டெய்லர் கையெழுத்துப் போட்டார். 1947 டிசம்பர் 8ஆம் தேதி, பீரங்கிக் குடும்பமான க்ரூப் மீதான வழக்கு தொடங்கியபோது, தொடக்கவுரையின் ஒரு பகுதியை எழுந்து நின்று நிகழ்த்தியவர் இந்தக் கோட்ஸ்தான். ஹாரியட் மௌனமாக இருந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

இனி ஃபார்பன் வழக்கு. டுபாய்ஸ் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். பெல் மேயர் அந்த அணிக்கு வந்தார். அதே டெய்லர் அலுவலகத்தில் வில்லியம் ஜெக் என்ற வக்கீலும் இருந்தார். நியூரம்பர்க்கில் ஏற்பட்ட அறிமுகம் திருமணத்தில் முடிந்தது. குண்டுவீச்சில் பழைய நகரம் முழுக்க இடிபாடாகக் கிடந்த ஊரில், பகலெல்லாம் கொலைக் கணக்குகளைப் படித்தவர்கள் அங்கேயே வாழ்க்கைத் துணையையும் கண்டுகொண்டார்கள். டோரதியாவும் இமானுவேல் மின்ஸ்காஃபும் இன்னொரு ஜோடி. இமானுவேலை நண்பர்கள் ‘டியூக்’ என்று அழைப்பார்கள். அவர் ஃபார்பன் வழக்கில். டோரதியாவோ, ஜெர்மன் வெளியுறவு அமைச்சக அதிகாரி வைஸ்ஸேக்கர் முதலானோர் மீதான அமைச்சகங்கள் வழக்கில். கணவன் கையில் தொழிற்சாலைக் கோப்பு, மனைவி கையில் அரசாங்கக் கோப்பு. கொலை நடந்ததே இந்த இரண்டும் கைகோத்ததால்தான்.

கோப்புகளைக் கையாண்ட முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். கைப்பற்றிய ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண். தொழிலதிபர்கள் சம்பந்தப்பட்டவை ‘என்ஐ’ வரிசை, அரசாங்க அமைச்சகங்கள் ‘என்ஜி’, நாஜி அமைப்புகள் ‘என்ஓ’. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆய்வுத் தாள்: எந்தத் தேதி, எங்கே கிடைத்தது, மூலமா நகலா, யார் யார் பெயர் வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் வக்கீல் மூல ஆவணத்தைக் கேட்டு வாங்குவார். பிறகு அதை ஆவணப் புத்தகமாகக் கட்டி, ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் நகலெடுத்து, எதிர்த்தரப்புக்கும் நீதிபதிகளுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு நகல் குறைந்தாலும் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

ஃபார்பன் ஆஷ்விட்ஸில் செயற்கை ரப்பர் ஆலை கட்டிய கதை இப்படித்தான் வெளியே வந்தது. ஆலை கட்டும் இடத்திலிருந்து கம்பெனிக்கு வாராவாரம் ஓர் அறிக்கை போகும். எத்தனை செங்கல், எத்தனை ஆள், எத்தனை அடி சுவர் என்ற கணக்கு. 1941 ஆகஸ்ட் வார அறிக்கை ஒன்றில் இப்படி ஒரு விஷயம். கட்டுமான இடத்தில் கைதிகளைக் கங்காணிகள் கடுமையாகச் சாட்டையால் அடிக்கிறார்கள். அடி விழுவது எப்போதும் மேற்கொண்டு உழைக்கவே முடியாத பலவீனமானவர்களுக்குத்தான். இதைப் பார்க்கும் போலந்துத் தொழிலாளிகளும் ஜெர்மானியர்களும் மனம் தளர்கிறார்கள். ஆகவே முகாம் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டோம் என்கிறது அறிக்கை. என்ன கேட்டுக்கொண்டார்கள்? அடிப்பதை நிறுத்துங்கள் என்றல்ல. அதை இங்கே செய்யாமல் முகாமுக்குள் வைத்துச் செய்யுங்கள் என்று! இந்த ஒரு தாளைப் படித்த பிறகு, தெரியாது, பார்க்கவில்லை, நாங்கள் வெறும் ரசாயனிகள் என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

கைதிகளுக்குக் கூலி கிடையாது. தொழில் தெரிந்த கைதிக்கு நாளொன்றுக்கு 4 மார்க், தெரியாதவருக்கு 3 மார்க் என்று எஸ்.எஸ். படையிடம் கம்பெனி கட்டியது. 1942 அக்டோபரில் ஆலைக்குப் பக்கத்திலேயே மோனோவிட்ஸ் முகாம் திறக்கப்பட்டது. ஓய்ந்துபோனவர்கள் பிர்கெனாவ் நச்சுப்புகை அறைக்குப் போனார்கள். புதிய ஆட்கள் வந்தார்கள். ஆயிரம் ஆயிரமாக ஆட்களைத் தின்ற அந்த ஆலையிலிருந்து கடைசிவரை ஒரு கிலோ செயற்கை ரப்பர்கூட வெளியே வரவில்லை.

1947 ஆகஸ்ட் 27ஆம் தேதி வழக்கு விசாரணை தொடங்கியது. நிறுவனத்தின் 24 பேர் மீது குற்றச்சாட்டு. ஒருவர் உடல்நலக் குறைவால் விடுபட, 23 பேர் கூண்டில். தலைவர் கார்ல் க்ராவ்ஹ், ஃப்ரிட்ஸ் டெர் மேர், ஆஷ்விட்ஸ் ஆலைக்கு இடம் பார்த்த ஓட்டோ அம்ப்ரோஸ் எல்லாரும் கோட்டும் டையுமாக, நன்றாகப் படித்த பெரிய மனிதர்கள். அரசுத் தரப்பு முதலில் எடுத்தது ஆக்கிரமிப்புப் போருக்கான சதி என்ற குற்றச்சாட்டை. ஒப்பந்தங்கள், கூட்டக் குறிப்புகள், நிறுவன வரைபடங்கள் என்று வாரக்கணக்கில் ஓடியது. வட டகோட்டாவிலிருந்து வந்த நீதிபதி ஜேம்ஸ் மாரிஸ் பொறுமையிழந்து, இவையெல்லாம் ஒரு பெரிய வியாபார நிறுவனத்தின் சாதாரண நடவடிக்கைகள்தானே என்ற பொருள்பட ஆட்சேபித்தார். வழக்கு சறுக்கத் தொடங்கியது அங்கேதான். மோனோவிட்ஸிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அங்கே அடைபட்டிருந்த நார்பர்ட் வோல்ஹைமும் பிரிட்டிஷ் போர்க் கைதிகளும் சாட்சி சொல்ல வந்தபோது வழக்குக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

இன்னொரு பக்கம், வாஷிங்டனில் காற்று திசை மாறிவிட்டது. சோவியத் மீதான அச்சம் வளர வளர ஜெர்மனியின் தொழில் மறுபடி தேவைப்பட்டது. 1947 மார்ச்சில் ட்ரூமன் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையைப் பிறப்பித்தார். ஜூலையில் மிச்சிகன் உறுப்பினர் ஜார்ஜ் டோன்டேரோ காங்கிரஸில் எழுந்து டுபாய்ஸையும் அவரைப் போன்றவர்களையும் இடதுசாரிகள் என்று தாக்கினார். நவம்பரில் மிசிசிப்பியின் ஜான் ராங்கின் ஒரு படி மேலே போய், யூத வக்கீல்கள் பழிவாங்குகிறார்கள் என்ற பாணியில் இனவெறியைக் கக்கினார். அரசுச் சம்பளத்தில் இருந்த வக்கீல்கள், தங்கள் நாடாளுமன்றத்திலேயே இப்படிப் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் காலை நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1948 ஜூலை 29, 30 தேதிகளில் தீர்ப்பு. 189 சாட்சிகள், 6,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள். போர்ச் சதியில் எல்லாரும் விடுதலை. நச்சுவாயு சைக்ளான்-பி பற்றிய குற்றச்சாட்டிலும் விடுதலை. அதை விற்ற டெகேஷ் கம்பெனியில் ஃபார்பனுக்குப் பெரும் பங்கு இருந்தும், அது எதற்குப் பயன்படுகிறது என்று இவர்களுக்குத் தெரிந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். கொள்ளைக் குற்றத்தில் 9 பேரும், அடிமை உழைப்பில் 5 பேரும் சிக்கினார்கள். மொத்தம் 13 பேருக்குத் தண்டனை, 10 பேர் விடுதலை. அதிகபட்சத் தண்டனை 8 ஆண்டு. அது அம்ப்ரோஸுக்கும், ஆஷ்விட்ஸ் கட்டுமானத்தை நேரில் நடத்திய வால்டர் டூர்ஃபெல்டுக்கும். குறைந்தபட்சம் ஒன்றரை ஆண்டு. லூயிசியானா சட்டக் கல்லூரிப் பேராசிரியரான நீதிபதி பால் ஹீபர்ட் மட்டும், அடிமை உழைப்புக்கு நிறுவனத்தின் நிர்வாகக் குழு முழுவதுமே பொறுப்பு என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சட்டத்திலும் மனசாட்சியிலும் சரியாக நின்றது அந்த ஒரு குரல்தான்.

டோரதியா மின்ஸ்காஃப் இருந்த அமைச்சகங்கள் வழக்கு கடைசியாக முடிந்தது. 1942இல் பெர்லின் வான்ஸே மாளிகையில் உட்கார்ந்து யூதர்களை எப்படி ஒழிப்பது என்று பதினைந்து அதிகாரிகள் பேசிய கூட்டத்தின் குறிப்பு, அந்த வழக்குக்கான தேடலில் அரசுத் தரப்பு வக்கீல் ராபர்ட் கெம்ப்னரின் குழுவுக்குக் கிடைத்தது. வெளியுறவு அமைச்சகத்தின் கோப்பில் எஞ்சியிருந்த ஒரே பிரதி. நியூரம்பர்க் முழுவதிலும் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. 1949 ஏப்ரலில் 21 பேரில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1951 பிப்ரவரிக்குள் ஃபார்பன் குற்றவாளிகள் அனைவரும் சிறையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். க்ரூப்புக்குச் சொத்தும் திரும்பக் கிடைத்தது. டெர் மேர் 1956இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவரானார். டுபாய்ஸ் 1952இல் ஒரு புத்தகம் எழுதி மனக்குமுறலைக் கொட்டினார். ஜெக் தம்பதி நியூயார்க் மாநிலத்தில் குடியேறினார்கள், வில்லியம் நீதிபதியானார். செசிலியா கோட்ஸ் 1978இல் நியூயார்க்கில் திவால் நீதிமன்ற நீதிபதியானார்.

இவ்வளவுதானா, அத்தனை உழைப்பும் வீணா என்று வாசகர்கள் கேட்கலாம். வீணில்லை. தண்டனை சிறுத்தது, ஆவணம் சிறுக்கவில்லை. ஃபார்பன் வழக்கில் சாட்சி சொன்ன அதே நார்பர்ட் வோல்ஹைம், 1951இல் கலைப்பில் இருந்த அந்த நிறுவனத்தின் மீது ஃபிராங்பர்ட் நீதிமன்றத்தில் தன் உழைப்புக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். நியூரம்பர்க்கில் திரட்டிய சான்றுகள் கைவசம் இருந்தன. 1953இல் ஒரு ஜெர்மன் நீதிமன்றம் அவருக்கு 10,000 மார்க் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது சமரசம் ஏற்பட்டு, 1957இல் மோனோவிட்ஸில் உழைத்துப் பிழைத்தவர்களுக்காக 3 கோடி மார்க் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

(தொடரும்)